வேய்ந்த கூரையும் வார்த்த கூரையும்

சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது பொற்கூரையைத்தான். அடுத்த முறை போகும்போது பொன்னை மறந்துவிட்டுக் கூரையை மட்டும் பாருங்கள். சுற்றிலும் கல்லிலேயே கட்டிய கோபுரம், மண்டபம், ஆயிரங்கால். நடுவில் நடராசர் ஆடுகிற சிற்றம்பலம் மட்டும் மரத்தால் ஆனது. அதன் மேல் இருப்பது விமானம் இல்லை. வளைந்து இறங்குகிற, இறவாணம் வைத்த, நம்ம ஊர்க் குடிசைக் கூரையின் வடிவம். 21,600 பொன் ஓடு, 72,000 ஆணி என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கூரையைப் போட்டதற்காக முதலாம் பராந்தக சோழனுக்குக் கிடைத்த பட்டம் 'பொன் வேய்ந்த பராந்தகன்'. பொன் பதித்த என்று சொல்லவில்லை, பூசிய என்றும் சொல்லவில்லை. வேய்ந்த. கீற்று வேய்கிறோம், விழல் வேய்கிறோம், கரும்புத்தோகை வேய்கிறோம் இல்லையா, அதே சொல். ராசா பொன்னில் செய்தாலும் அது கூரை வேய்கிற வேலைதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 'குடிசையில்லா தமிழ்நாடு' என்பது இப்போது அரசின் இலக்கு. 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் திட்டம் வந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று வந்திருக்கிறது. 2030க்குள் எட்டு லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு காங்கிரீட் வார்க்க வேண்டும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். மண் சுவருக்கு இதில் இடம் கிடையாது. கிள்ளைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கும் இந்தத் திட்டத்தில் வீடு வந்தது. ஆணை கையில் வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஓயாத பேச்சு வீட்டைப் பற்றித்தான். எனக்கோ பல வருடமாக வீடு பார்க்கிற பித்து. வாங்குவதற்கு இல்லை, சும்மா பார்ப்பதற்கு. எந்த ஊருக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பேன், கூரையை எண்ணிப் பார்ப்பேன். புவனகிரிப் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடுகிறவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். பார்த்ததையும் படித்ததையும் இந்த இதழில் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

உலகத்தில் எப்படியெல்லாம் இருக்கிறார்கள்

விநோத வீடு என்றால் செல்போனில் ஷூ மாதிரி வீடு, தலைகீழாய் நிற்கிற வீடு என்று காட்டுவார்கள். அதெல்லாம் காசு மிஞ்சினவர்கள் விளையாட்டு. நான் விநோதம் என்பது, கையில் இருந்ததை வைத்துக்கொண்டு மனுசன் யோசித்த யோசனையை.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் வடக்கே முஸ்கும் என்றொரு மக்கள். முழுக்க மண்ணிலேயே, மரம் கம்பி எதுவும் இல்லாமல், முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி வீடு கட்டுகிறார்கள். சுவர் அடியில் தடிமன், மேலே போகப் போக மெலிசு. வெளிப்பக்கம் முழுக்கப் புடைப்பு புடைப்பாய்க் கோலம் போட்டது மாதிரி இருக்கும். அழகுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் புடைப்பில் கால் வைத்துத்தான் உச்சிவரை ஏறி வருசா வருசம் பூசுகிறார்கள். சாரம் கட்ட வேண்டாம். மழைத்தண்ணீரும் ஒரே இடத்தில் ஓடி அரிக்காமல் பிரிந்து பிரிந்து இறங்கிவிடும். ஒரு கோலத்துக்குள் ஏணியும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது.

ஏமன் நாட்டில் ஷிபாம் என்ற ஊர். பச்சை மண் கல்லால் ஐந்து, ஏழு மாடி என்று அடுக்கி, ஊரே உயர உயரமாய் நிற்கிறது. பெரும்பாலானவை பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வருகிறவை. யுனெஸ்கோ 1982இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2008 வெள்ளத்தில் அடி வாங்கியதும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சீனாவில் ஃபூஜியன் மாகாணத்தில் துலோ என்று இருக்கிறது. மண்ணை இடித்து இடித்துக் கெட்டித்த பெரிய வட்டச் சுவர், உள்ளே நடுவில் முற்றம், சுற்றி மூன்று நாலு மாடியில் ஒரு வம்சமே குடியிருக்கும். நம்ம பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீலகிரியில் தோடர்களின் வீடு பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்த மாதிரி. வாசல் மூன்றடிதான், தவழ்ந்து போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராது. குஜராத்தில் கட்ச் பகுதியில் 'பூங்கா' என்று வட்ட மண் வீடு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் கல்லும் சிமெண்டுமாய்க் கட்டிய எத்தனையோ வீடுகள் சரிந்து விழுந்தபோது, நன்றாகக் கட்டிய பூங்காக்கள் பல நின்றன. மூலை இல்லாத சுவர், ஆட்டத்தை எல்லாப் பக்கமும் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும். ஆந்திராவின் வட கடலோரத்திலும் வட்ட வீடு உண்டு, 'சுட்டில்லு' என்பார்கள். புயல் காற்று வட்டத்தை மோதித் தள்ள முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கூரையும் கூம்பாய்ச் சுவருக்கு வெளியே தாழ இறங்கியிருக்கும்.

தானே அடித்த இரவு

கூரை எப்படி இருக்கக் கூடாது என்பதைக் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் படுத்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடுகளில் என்ன நடந்தது என்று அப்புறம் ஊர் ஊராய்ப் பார்த்தேன். கீற்றுக் கூரை பிய்ந்து போனது. ஆனால் கீற்று மேலே விழுந்து யாரும் செத்ததாய் நான் கேள்விப்படவில்லை. தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும்தான் பயம். கத்தி மாதிரி பறந்தது. முன்னும் பின்னும் ரெண்டே சாய்வு வைத்த கூரைக்குள் காற்று புகுந்து அப்படியே தூக்கியது. நாலு பக்கமும் சாய்வு வைத்த பழைய கூரைகளில், கைமரத்தை வளையோடும் சுவரோடும் இறுக்கிக் கட்டியிருந்தவை தாக்குப் பிடித்தன. கட்டு தளர்ந்திருந்தால் எந்த வடிவமும் நிற்கவில்லை.

என் தங்கை வீட்டில் ஓலை ஒன்று மிஞ்சவில்லை. கைக்குழந்தையோடு பக்கத்து மாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று விடிய விடிய நனைந்தாள். அதற்கப்புறம் போட்டது ஷீட் கூரை. சித்திரை வெயிலில் அதற்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்னவே முடியாது. இதில் பதின்மூன்று வருசம் இருந்தாச்சு.

சூளையே வீடு

எங்கள் ஊரில் ஒரு கொத்தனார் பெரியப்பா இருக்கிறார். எழுபது தாண்டியும் மட்டப்பலகையைக் கீழே வைக்காதவர். தங்கை வீட்டுப் பேச்சு எழுந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினேன். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ரே மீக்கர் என்ற அமெரிக்கர் 1971இல் மனைவியோடு கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். பானை சுடுகிறவருக்கு ஒரு யோசனை. பச்சை மண் கல்லால், மண் சாந்து வைத்து, வளைவுக் கூரையோடு முழு வீட்டையும் கட்டிவிடுவது. அப்புறம் அந்த வீட்டுக்குள்ளேயே பச்சைச் செங்கல், ஓடு என்று அடுக்கி, வாசலை ஜன்னலை அடைத்து, தீ மூட்டிவிடுவது! மூன்று நாலு நாள் எரிந்து ஆறினால் வீடு முழுக்க ஒரே செங்கல்லாய் வெந்துபோயிருக்கும். உள்ளே வெந்த சரக்கை வெளியே எடுத்து விற்கலாம். சூளையில் சுவர் வழியாக வீணாகப் போகிற சூடுதான் இங்கே வீட்டைச் சுடுகிறது.

இதே முறையில் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டு புதுச்சேரியில் வொலோன்தரியா அமைப்பின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வட்ட வட்டமாய் வீடுகள் கட்டினார். பழைய சைக்கிள் சக்கரம் ஜன்னல் கம்பியாகியிருக்கிறது, கண்ணாடிப் பாட்டில்கள் சுவரில் கல்லாகியிருக்கின்றன. இந்த முறையில் செலவில் பெரும்பங்கு சாமானுக்குப் போவதில்லை, ஆள் கூலிக்குப் போகிறது. பணம் ஊரிலேயே சுற்றும். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

பெரியப்பா கேட்டது வேறு. "வெறகு எவ்வளவு புடிக்கும்? வேவுறப்ப ஒரு மூலை ஈரமா இருந்தா சுவரு வெடிச்சுடுமே, அப்ப யாரு கையில?" சரியான கேள்விதான். சவுக்குத் தோப்பு நிறைந்த கடலூர் கடலோரத்தில்கூட ஒவ்வொரு வீட்டையும் சுடுவதற்கு விறகு தேட முடியாது. தேடவும் கூடாது என்பது என் எண்ணம். இந்த வீடு ஒரு நல்ல கதையாக இருக்கட்டும், வழக்கமாக ஆக வேண்டாம்.

மண்ணைச் சுடாமல்

அங்கிருந்து ஆரோவில். 1989இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிடியூட்டில் மண்ணைச் சுடாமலே கல்லாக்குகிறார்கள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, லேசாய் ஈரப்படுத்தி, கையால் இழுக்கிற இயந்திரத்தில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். நிழலில் வைத்து நாலு வாரம் தண்ணீர் காட்டினால் கல் தயார். விறகு கிடையாது, புகை கிடையாது. ஆரோவில் பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் கட்டியதுதான். ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென்று ஹசன் ஃபாத்தி பெயரில் தரும் விருது 1992இல் அதற்குக் கிடைத்தது. பக்கத்தில் நின்று சுவரைத் தடவிப் பாருங்க, பூச்சே தேவையில்லை என்று புரியும். உள்ளே கம்பி இல்லாமல், சாரமில்லாமல் எழுப்பிய வளைவுக் கூரைகளும் இருக்கின்றன. பெரியப்பா அண்ணாந்து ரொம்ப நேரம் நின்றார். "நம்ம பக்கத்துல பாலத்துக்குத்தான் இப்படி வளைவு போட்டிருக்கோம். இதுல ஆளு குடியிருக்கலாம்னு தோணலியே."

உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு மேல்மண் ஆகவே ஆகாது. மக்கு, வேர், புழு இருக்கிற மண்ணில் சுவர் வைத்தால் மக்கு மக்கிக்கொண்டே போகும், சுவர் பொடிந்து கறையானுக்கு விருந்தாகும். ஒரு முழம் வெட்டி ஒதுக்கிவிட்டுக் கீழே இருக்கிற உயிரில்லாத மண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதாவது பயிருக்கு வேண்டிய மண் வீட்டுக்கு வேண்டாம், வீட்டுக்கு வேண்டிய மண் பயிருக்கு வேண்டாம். ரெண்டுக்கும் சண்டையே இல்லை. சண்டை போடுவது செங்கல் சூளைதான். நம்ம வயல்களில் மூன்றடி நாலடி என்று மேல்மண்ணோடு சுரண்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளமான வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வெயில் காலத்தில் ஒன்றும் நிற்காது. சிமெண்டுக்குக் கதை இன்னும் பெரிது. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்க்கலாம், ஒரு காலத்தில் அவற்றில் பல மானாவாரி நிலம். உலகம் முழுக்க வெளியாகிற கரிவளியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்ட் தயாரிப்பிலிருந்துதான் வருகிறது.

எல்லா ஊர் மண்ணும் ஒன்று இல்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் சுவருக்கு வாகானது. மணலும் களியும் சரி விகிதத்தில் இருக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கருங்களி. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதோடு சிமெண்ட் சேராது, சுண்ணாம்புதான் சேரும், மணலும் நிறையக் கலக்க வேண்டும். அடித்தளமும் களிக்குக் கீழே ஆழமாய்ப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வருசா வருசம் விரியும். உங்கள் மண் எது என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் பார்த்தால் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று தனித்தனியாய்க் கோடு போட்டுக் காட்டும். பாதிக்கு மேல் மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல சேதி.

எப்படிக் கட்டினாலும் மண் வீட்டுக்குக் காலும் தலையும் நனையக் கூடாது. கீழே கல்லோ செங்கல்லோ வைத்து முழங்காலுக்கு மேல் அடிமட்டம், மேலே சுவரைத் தாண்டி ரெண்டடி வெளியே நிற்கிற கூரை. இது இல்லாத மண் சுவர் 2015 வெள்ளம் மாதிரி ஒன்றில் ரெண்டு நாள் தாங்காது. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் மண் வீடு கட்டச் சொல்கிறவர்கள் அங்கே ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

"திரும்பவும் குடிசையா?"

ஊருக்கு வந்து தங்கையிடம் எல்லாப் படத்தையும் காட்டினேன். பொறுமையாய்ப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள், "ஏண்ணே, இம்புட்டு வருசம் கழிச்சு கவருமெண்டு வூடு குடுக்குது. திரும்பவும் குடிசைக்கே போவச் சொல்றியா?"

இந்தக் கேள்வியை அவள் மட்டும் கேட்கவில்லை. சேரியில் பிறந்து வளர்ந்து இப்போது ஆசிரியராக இருக்கிற நண்பர் ஒருவர் இன்னும் கூர்மையாய்ச் சொன்னார். "மண் வீடு குளுகுளுன்னு இருக்கும்னு நீங்க பேசலாம். எங்க தெருவுல கூரைன்னா குளிர்ச்சி ஞாபகம் வராது, தீக்குச்சிதான் ஞாபகம் வரும்." 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து சாம்பலானது ஒரு கூரை வீட்டுக்குள். அதை மறந்துவிட்டு மரபு வீடு பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. யார் வீடு மெத்தையாக இருக்கலாம், யார் வீடு கூரையாகத்தான் இருக்க வேண்டும் என்று பல ஊர்களில் சாதி முடிவு செய்த காலம் உண்டு. காங்கிரீட் கூரை அந்த மக்களுக்கு வெறும் கூரை இல்லை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. மேலே ஒரு விருதில் பெயர் வந்த ஹசன் ஃபாத்தி எகிப்தின் பெரிய கட்டடக் கலைஞர். 1940களில் லக்சர் நகரத்துக்கு எதிரே கூர்னா மக்களுக்கு என்று முழு ஊரையே மண் கல்லில், குவிமாடக் கூரையோடு அழகு அழகாய்க் கட்டினார். பழைய கல்லறைகளுக்கு மேலே குடியிருந்த அந்த மக்கள் இறங்கி வர மறுத்துவிட்டார்கள். பிழைப்பு அங்கே இருந்தது ஒரு காரணம். குவிமாடம் என்றால் அவர்களுக்குச் சமாதி என்பதும் ஒரு காரணம். சமாதிக்குள் யார் குடியிருப்பார்கள்?

புர்கினா ஃபாசோ நாட்டு ஃபிரான்சிஸ் கெரே கதை வேறு மாதிரி. தன் சொந்த ஊர் காண்டோவில் 2001இல் மண் கல்லால் பள்ளிக்கூடம் கட்டப் போனபோது ஊர்க்காரர்களே நம்பவில்லை, மழையில் கரையும் என்றார்கள். அவர் ஊர்க்காரர்களையே கூட வைத்துக் கட்டினார். மண் கல் கூரைக்கு மேலே இடைவெளி விட்டு, இன்னொரு தகரக் கூரையைத் தனியாய் நிறுத்தினார். மழையும் வெயிலும் தகரத்தோடு போச்சு. நடுவில் காற்று ஓடிச் சூட்டை வழித்துக்கொண்டு போய்விடும். அவருக்கு 2022இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. தகரத்தை நாம் திட்டுகிறோம். அதை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

ஆகவே தங்கையிடம் மண் சுவர்ப் பேச்சை நிறுத்திவிட்டேன். மண் வீட்டை முதலில் கட்டிக்காட்ட வேண்டியவர்கள் ஏற்கெனவே மாடி வீடு உள்ளவர்கள் என்பது என் கட்சி. பணக்காரர் வீட்டில் மண் சுவர் வந்தால்தான் அதன் மேல் ஒட்டியிருக்கிற இழிவு உதிரும். திருவண்ணாமலையில் தணல் அமைப்பு மண்ணைக் கையாலேயே பிசைந்து வடிக்கிற வீடுகளைப் பல வருசமாய்ச் சொல்லிக்கொடுக்கிறது. கற்கப் போகிறவர்களில் ஐ.டி. வேலையை விட்டு வந்தவர்கள் நிறைய என்கிறார்கள். கேலியாய்ச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சந்தோசம்தான்.

காங்கிரீட்டுக்குள்ளே ஓடு

மண் வேண்டாம் என்றால் வேறு வழியே இல்லையா? லாரி பேக்கர் இங்கேதான் கை கொடுக்கிறார். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, இந்தியாவிலேயே தங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். திருவனந்தபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுகிற இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான். அதைப் பார்க்கவே ஒரு தடவை போயிருக்கிறேன். காபியும் நன்றாயிருக்கும்.

அவர் பரப்பிய ரெண்டு வேலை நமக்கு உதவும். ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. நாலு கல்லில் ஒரு கல் மிச்சம், பொந்தில் நிற்கிற காற்று வெயிலைத் தடுக்கும். இன்னொன்று கூரை. தளம் வார்க்கும்போது கம்பிக்குக் கீழ்ப் பாதியில் இருக்கிற காங்கிரீட் பாரம் தாங்குகிற வேலை செய்வதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே ரெண்டு சீமை ஓட்டைக் கவிழ்த்து வைத்து வார்த்தால் காங்கிரீட்டில் கணிசமான பங்கு மிச்சம். ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் சூடும் குறைவு. கீழேயிருந்து பார்த்தால் ஓடு வரிசை வரிசையாய்த் தெரியும், பூச்சு வேண்டாம். கேரளாவில் ஆயிரக்கணக்கான வீட்டில் இருக்கிறது. இதுவும் காங்கிரீட் கூரைதானே, திட்டத்துக்கும் பொருந்தும் என்று நானும் பெரியப்பாவும் நினைத்தோம். தங்கையும் சம்மதித்தாள். "ஓடு தெரிஞ்சா நல்லாத்தாண்ணே இருக்கும்."

வேலையைப் பார்வையிட வந்த பொறியாளர் ஒப்பவில்லை. கெட்ட மனுசர் இல்லை, எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா வரைபடத்துல இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒரு விரிசல் விட்டுச்சுன்னா என் வேலை போயிடும். தவணையும் நின்னுபோவும்." தவணை நின்றால் கம்பிக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியது தங்கைதான். அதற்கு மேல் நாங்கள் வாதாடவில்லை. அவர் மேசையில் ஓடு பதித்த கூரைக்கு ஒரு அங்கீகரித்த வரைபடம் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நம் இயக்கம் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஒரு தாள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் உழவர் கூட்டத்தில் கோரிக்கையாய் வைத்து எழுதுங்கள்: எலிப்பொறிக் கட்டு, ஓடு பதித்த தளம், அழுத்திய மண் கல். இந்த மூன்றுக்கும் மாதிரி வரைபடம் போட்டு, கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தால், அதே மூன்றரை லட்சத்தில் எட்டு லட்சம் வீட்டில் எத்தனை லாரி சிமெண்ட் மிச்சமாகும் என்று கணக்குப் பாருங்கள்.

வீடு இப்போது முக்கால்வாசி முடிந்துவிட்டது. சுவர் எலிப்பொறிக் கட்டுதான். செங்கல் சுவர் என்பதால் அதில் யாரும் மூக்கை நுழைக்கவில்லை, பெரியப்பாவே கூட இருந்து மூலை பிடித்துக் கொடுத்தார். கூரை சாதாரணக் காங்கிரீட். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, தட்டோடு பதிக்கப் போகிறோம். மொட்டையாய் விட்டால் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கீழே கக்கும், படுக்கவே முடியாது. கிழக்கே பிச்சாவரம் பக்கத்துக் கடல் காற்று பிற்பகலில் வரும் என்பதால் ஜன்னலை அந்தப் பக்கம் பெரிசாய் வைத்து, எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி உயரே ரெண்டு ஓட்டை விட்டிருக்கிறது. சூடு அதன் வழியாக வெளியே போகும். மீதி 60 சதுர அடிக்கு முன்னால் சீமை ஓட்டுச் சார்ப்பு. கைமரம் தானேயில் விழுந்த எங்கள் பலா மரத்தில் அறுத்து வைத்திருந்தது.

சார்ப்புக்குக் கீழே திண்ணை வேண்டும் என்று கேட்டவள் தங்கைதான், நான் சொல்லவில்லை. அது மண் திண்ணை, திட்டக் கணக்கில் வராது, யாரும் வந்து அளக்க மாட்டார்கள். உள்ளூர்க் களி வெடிக்கும் என்பதால் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் செம்மண் வந்து கொட்டியிருக்கிறது. வைக்கோல் நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு, பத்து நாள் புளிக்க விட்டுப் பெரியப்பா காலால் மிதிக்கிறார். மச்சான் கூடச் சேர்ந்து மிதித்துவிட்டு ராத்திரி கால் வலி என்று புலம்புகிறார். மூன்றரை லட்சத்துக்கு மேலே இதுவரை ஒன்றேகால் லட்சம் ஆகிவிட்டது, அதில் எண்பதாயிரம் மகளிர் குழுக் கடன். மார்கழிக்குள் தட்டோடு பதித்தாக வேண்டும், தையில் குடி போக வேண்டும் என்று தங்கை நாள் பார்த்து வைத்திருக்கிறாள்.